வைரம் பாய்ந்த மனிதர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

'வைரம்' என்ற சொல்லைக் கேட்டதும் நகைக்கடை நினைவுக்கு வருவோர் பலர். மரத்தொழில் செய்வோருக்கோ அச்சொல் வேறொன்றைக் குறிக்கும். முதிர்ந்த மரத்தின் நடுவே கருத்துத் திரண்டு நிற்கும் கெட்டிப் பகுதிக்கு வைரம் என்று பெயர். அதைச் சூழ்ந்திருக்கும் வெளுத்த பகுதி வெளிறு. வேர் உறிஞ்சிய நீர் வெளிற்றின் வழியேதான் மேலேறுகிறது என்றும், வைரத்தில் நீரோட்டமும் இல்லை, உயிருள்ள செல்களும் இல்லை என்றும் நம் தாவரவியல் வகுப்பில் படிக்கிறோம். ஆயினும் கறையானுக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இடங்கொடாமல் நெடுங்காலம் நிற்பது அந்த வைரமே. உயிர் நீங்கிய பின்னரும் உறுதியாக நின்று மரத்தைத் தாங்குகிறது அது.

நான் எழுதப் புகுந்தது என் அப்பாரைப் பற்றி. அப்பாரு என்றால் எங்கள் கொங்கு நாட்டில் தந்தையைப் பெற்ற தாத்தா. அவர் ஒரு தச்சர். வண்டியும் கலப்பையும் செய்தவர். மேடை ஏறியவர் அல்லர். மாலை வாங்கியவர் அல்லர். பெயரை எழுதினாலும் வெள்ளகோவிலைத் தாண்டி எவருக்கும் தெரியப்போவதில்லை. ஊரார் அவரை 'ஆசாரி' என்றே அழைத்தார்கள். அவரும் அதற்கே திரும்பிப் பார்த்தார். ஆகவே ஈண்டும் பெயர் வேண்டாம்.

ஊரும் காடும்

காங்கயத்துக்கும் கரூருக்கும் இடையே நெடுஞ்சாலையில் உள்ளது வெள்ளகோவில். எண்ணெய் ஆலைகளுக்கும், விசைத்தறிகளுக்கும், முருங்கைக்காய்க்கும் பெயர் பெற்ற ஊர். வீரக்குமாரசுவாமி கோயிலின் மாசி மாதத் தேர்த்திருவிழாவை அறியாதவர் எங்கள் வட்டாரத்தில் இருக்க முடியாது. அப்பாரு தம் வாழ்நாளில் வீடு மாறியதே இல்லை; ஆனால் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்தார். பிறந்தபோது கோயமுத்தூர் மாவட்டம். 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்து, பின்னர் அது ஈரோடு மாவட்டமாயிற்று. 2009-இல் திருப்பூர் மாவட்டம். "நானொண்ணும் நகரல, சர்க்காருதான் வேலிய மாத்திப் போட்டுக்கறாங்க" என்று சிரிப்பார்.

வேலி என்றதும் எங்கள் கொறங்காடு நினைவுக்கு வருகிறது. வெளியூர் நண்பர்களுக்காக அதைச் சற்று விளக்க வேண்டும். மழை குறைந்த பூமி எங்களுடையது. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான் பெய்யும். எல்லா நிலத்திலும் பயிர் வைக்க முடியாது. எனவே நிலத்தில் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கென்றே விட்டிருப்பார்கள். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே குடை பிடித்தாற்போல வெள்வேல மரங்கள். இதுவே கொறங்காடு. புல் காய்ந்த கோடையிலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். காங்கயம் மாடுகள் இந்தக் கொறங்காட்டில் மேய்ந்து வளர்ந்த இனமே. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் பேணி வளர்த்த அந்த இனத்தின் புகழ் நாடறிந்தது. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் இன்றும் அவற்றை வரிசையாகக் காணலாம்.

மாடு இருந்ததால் வண்டி இருந்தது. வண்டி இருந்ததால் தச்சர் இருந்தார். கொறங்காட்டுக்கும் மாட்டுக்கும் வண்டிக்கும் இருந்த இந்த உறவை எனக்கு எந்த நூலும் சொல்லித் தரவில்லை. அப்பாருடன் நடந்த நடையே சொல்லித் தந்தது.

நடையே படிப்பு

பட்டறையில் உட்கார்ந்து மரத்தை இழைப்பதுதான் தச்சுவேலை என்று பலர் எண்ணுகிறோம். அப்பாருக்கு வேலையின் பாதி காட்டில் இருந்தது. விடியற்காலையில் எழுந்து, ஒரு தூக்குப்போசியில் கம்மஞ்சோற்றுக் கரைசலை எடுத்துக்கொண்டு, தோளில் துண்டுடன் கிளம்பிவிடுவார். நான் பள்ளியில் படித்த நாளில் சனி, ஞாயிறுகளில் உடன் போவேன். அப்போது அவருக்கு அறுபது கடந்துவிட்டது. வண்டி செய்யச் சொல்வார் யாரும் இல்லை. ஆனாலும் கால் நிற்கவில்லை.

"அப்புனு, மரத்தப் பாக்கோணும்னா ஓடிப் போயி அதத் தொட்டுப் பாக்கப்படாது. மொதல்ல தூர நின்னு பாரு" என்பார். தூர நின்று பார்த்தால் மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரியும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று எங்கள் பக்கத்து மரங்களைக் கிழக்கே தள்ளும். அப்படிச் சாய்ந்து வளர்ந்த மரத்தை ஆரக்காலுக்கு அவர் எடுக்கமாட்டார். அறுத்தபின் முறுக்கிக்கொள்ளும் என்பார். சாய்ந்த மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள ஒரு பக்கத்தில் தனி வகைக் கட்டையை உண்டாக்குகிறது, அதை இழுவைக் கட்டை என்பர், அது உலரும்போது மற்றப் பகுதியைவிட மிகுதியாகச் சுருங்கும் என்று இந்த ஆண்டு பாடத்தில் வந்தது. விரிவுரையாளர் கரும்பலகையில் அந்தப் படத்தை வரைந்தபோது எனக்குத் தோட்டத்து மேட்டில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்த அப்பாரின் முகமே தெரிந்தது.

பிறகு கிட்டே போவார். பட்டையின் வரிகள் நேராக ஓடுகின்றனவா, திருகிக்கொண்டு ஏறுகின்றனவா என்று பார்ப்பார். பட்டை திருகினால் உள்ளேயும் திருகல். மரங்கொத்தி துளை போட்டிருந்தால் உள்ளே உளுத்திருக்கிறது என்று பொருள். பொந்தில் ஆந்தை இருந்தால், "குடியிருக்கற வீடுப்பா அது" என்று விட்டுவிடுவார். கடைசியாகக் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். கணீரென்றால் சரி, பொத்தென்றால் வேண்டாம்.

ஒருமுறை ஒரு தோட்டத்துக்காரர், "ஆசாரி, இந்தக் கருவேலத்த வெட்டீட்டா ஒரு கதவு நெலவு தேறுமல்லொ?" என்று கேட்டார். அப்பாரு மரத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். "ஏனுங்க, இதுல இன்னும் வெளிறுதான் ரொம்பக் கெடக்குது. வைரம் விரக்கட அளவுதான் இருக்குமுங்க. இன்னொரு பத்து வருசம் நிக்கட்டுமுங்க. உங்க பையன் வெட்டிக்கட்டும்" என்றார். அன்று அவருக்கு வேலை வேண்டியிருந்தது, கூலியும் வேண்டியிருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு வீடு திரும்பினோம். வழியில் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கவுதாரி கத்துவதைக் காட்டி, "சோடி பிரிஞ்சுபோச்சு, கூப்பிடுது" என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு மரத்தைப் போலவே ஆறும் பழக்கம். இளமையில் வேலை இல்லாத நாட்களில் முத்தூர்ப் பக்கம் நடந்துபோய் நொய்யலில் தூண்டில் போடுவாராம். கெண்டையும் கெளுத்தியும் விராலும் கிடைக்கும். மணலில் ஊற்று நோண்டி நீர் குடிப்பார்களாம். நான் அந்த நொய்யலைக் கண்டதில்லை. திருப்பூரின் சாயக்கழிவு அந்த ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கெனக் கட்டி 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறியது. உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடும்படி ஆணையிட்டது. இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. செய்தித்தாளில் வராத ஒன்றை நான் அறிவேன். அப்பாரு தம் தூண்டில் முள்ளைத் தீப்பெட்டிக்குள் வைத்து எரவாணத்தில் சொருகி வைத்திருந்தார். "ஆறு நல்லாவும்" என்பார். அந்தத் தீப்பெட்டியை அவர் கடைசிவரை எடுக்கவில்லை.

சக்கரம்

அவருடைய கைவேலையின் உச்சம் வண்டிச் சக்கரமே. நடுவில் குடம், அதிலிருந்து பன்னிரண்டு ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி ஆறு வட்டைகள், ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் வீதம், அதற்கு மேல் இரும்புப் பட்டா. மரமெல்லாம் கருவேலம். நேராக வளர்ந்த கட்டை ஆரக்காலுக்குப் போகும். இயல்பிலேயே வளைந்த கட்டை வட்டைக்கும் கலப்பைக்கும் போகும். "கோணல் மரம்னு ஒண்ணு இல்ல கண்ணு, அதும்பட எடத்துல வெக்கத் தெரியாதவந்தான் இருக்கறான்" என்பது அவர் வாக்கு.

வெட்டிய மரத்தை உடனே வேலைக்கு எடுக்கமாட்டார். நிழலில் அடுக்கி, ஆண்டுக்கணக்கில் ஆறவிடுவார். பச்சை மரம் உலரும்போது நீளவாட்டில் பெரும்பாலும் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டில்தான் சுருங்கும், அதிலும் வளையத்தின் போக்கில் சுருங்குவது மிகுதி. இந்த மூன்றையும் நாம் படத்துடன் படிக்கிறோம். அவர் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லுவார்: "மரம் ஒல்லியாவும், குட்டையாவாது." கோடையில் வண்டிச் சக்கரம் உலர்ந்து பட்டா தளர்ந்தால், வண்டிக்காரர்கள் சக்கரத்தைக் குட்டையில் ஊறவைப்பதும் இதனாலேயே. நீர் குடித்த மரம் பருத்துப் பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பட்டா கட்டும் நாள் ஒரு திருவிழா என்று அப்பத்தா சொல்வார். கொல்லரும் தச்சரும் ஒன்றுசேரும் நாள். இரும்புப் பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக அளந்து வளையமாக்குவார்கள். எவ்வளவு குறைவு? "ஒரு விரக்கட" என்பார் அப்பாரு. வளையத்தின்மேல் விறகும் வறட்டியும் அடுக்கித் தீ மூட்டுவார்கள். இரும்பு சிவந்ததும் நான்கு பேர் குறடால் தூக்கி வந்து சக்கரத்தின்மீது இறக்கி, சம்மட்டியால் தட்டி, உடனே நீர் ஊற்றுவார்கள். புகையும் ஆவியும் எழும். ஆரக்கால்கள் குடத்துக்குள் 'கடக் கடக்' என்று இறங்கும் ஓசை கேட்கும். ஆணியோ பசையோ இன்றிச் சக்கரம் ஒரே உடம்பாகிவிடும்.

இதை நான் கணக்கிட்டுப் பார்த்தேன். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 188 அங்குலம். இரும்பின் நீட்சிக் கெழு, ஒரு டிகிரி செல்சியசுக்கு பத்து லட்சத்தில் 12 பங்கு. வெப்பம் 500 டிகிரி உயர்ந்தால் அந்த வளையம் ஒன்றே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 1.13 அங்குலம், நீளும். அப்பாரு சொன்ன விரற்கடையும் அதுவும் அருகருகே நிற்கின்றன. வெப்பமானி தொடாத கை. பெருக்கல் வாய்பாடு பதினாறோடு நின்றுபோன கணக்கு. ஆயினும் விடை சரியாக வந்தது. ஏனெனில் விடை தவறினால் வண்டி நடுவழியில் உட்கார்ந்துவிடும். அடுத்த சந்தையில் ஆசாரியின் பெயரும் உட்கார்ந்துவிடும்.

இத்தகைய அறிவு எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து ஃபார்ன்ஹாம் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்டர்ட் என்பவர் 1884-இல் தம் குடும்பத்தின் வண்டிச் சக்கரப் பட்டறையை ஏற்று நடத்தினார். அந்தத் தொழில் மறையத் தொடங்கிய காலத்தில், 1923-இல், 'சக்கரத் தச்சர் பட்டறை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அந்நாட்டில் குடத்துக்கு எல்ம், ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ் என்று மூன்று மரங்கள். எங்கள் ஆசாரிக்குக் கருவேலம் ஒன்றே மூன்றுக்கும் போதுமானதாயிற்று. வேறுபாடு மற்றொன்றும் உண்டு. ஃபார்ன்ஹாம் தச்சர்களின் அறிவு அச்சில் நிற்கிறது. வெள்ளகோவில் தச்சரின் அறிவு அவர் பேரனின் நினைவில் மட்டும் நிற்கிறது. நினைவு எத்தனை நாள் நிற்கும்?

டயர் வந்தது

ஏறத்தாழ 1970-களிலும் 1980-களிலும் எங்கள் பக்கத்தில் டயர் வண்டி பெருகியது. இரும்பு அச்சு, ரப்பர் டயர், கடையில் வாங்கிப் பூட்டும் சக்கரம். மாட்டுக்கு இழுவை எளிது; பாரமும் கூடுதலாக ஏற்றலாம். பெங்களூர் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் என்.எஸ்.ராமசாமி அவர்கள், மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும், நுகத்தடியால் மாடு படும் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்று அக்காலத்தில் தொடர்ந்து வற்புறுத்தினார். மாட்டின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயம். அப்பாருகூட டயர் வண்டியைத் திட்டியதில்லை. "மாடு வாய் தொறந்து சொல்லாது, ஆனா அதுக்கு இது சொகம்" என்பார். பின்னர் டிராக்டரும் மினி லாரியும் வந்தன, மாடே குறைந்தது. திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரம் செய்து தந்த காலம் இது. ஊர் வண்டிக்கு மரச்சக்கரம் எம்மாத்திரம்?

முன்பெல்லாம் உழவர்கள் ஆண்டு முழுவதும் கலப்பையையும் வண்டியையும் பழுது பார்த்துத் தருவதற்கு ஈடாகக் களத்துமேட்டில் வள்ளக்கணக்கில் கம்பும் சோளமும் அளந்து தருவார்கள். கலப்பை போனதும் அந்த அளவையும் போயிற்று. என் தந்தை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு விசைத்தறிக்குப் போனது அந்த நாட்களில்தான். அப்பாரு நிலவு, கதவு செய்தார். பிறகு மரக்கடைகளில் வெளிநாட்டு மரங்கள் அறுத்த பலகையாகவே வந்து இறங்கின. எந்தக் காட்டில் நின்றது, எந்தக் காற்றில் சாய்ந்தது என்று ஒன்றும் தெரியாத மரம். "ஊர் தெரியாத புள்ளையக் கட்டிக் குடுத்த மாதிரி" என்று அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

கடைசியில் அவர் திருப்பூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போனார். கான்கிரீட் ஊற்றப் பலகையும் முட்டும் அடிக்கும் வேலை. கான்கிரீட் இறுகியதும் எல்லாவற்றையும் பிரித்துவிடுவார்கள். இரவுப் பேருந்தில் திரும்பி வந்து, கால் கழுவும்போது ஒருநாள் அப்பத்தாவிடம் சொன்னாராம்: "அம்பது வருசம் நிக்கற வேல செஞ்ச கை. இப்பப் பதினஞ்சு நாள்ல பிரிக்கற வேல செய்யுது." அவ்வளவுதான். மறுநாள் விடியலில் மீண்டும் பேருந்துக்குக் கிளம்பினார். அந்தக் கூலியில்தான் என் பள்ளிச் சீருடையும் நோட்டும் வந்தன.

நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியபோது அவர் படுக்கையில் இருந்தார். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். தாவரவியல் என்றேன், செடி கொடி மரம் பற்றிய படிப்பு என்று விளக்கினேன். நெடுநேரம் முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்குப் பள்ளிக்கூடம் இருக்குதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் வியப்பு இருந்ததா, மகிழ்ச்சி இருந்ததா என்று இன்றுவரை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. நான் கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் மாதம் அவர் காலமானார்.

ஒரு பெட்டியும் ஒரு கட்டையும்

எங்கள் வீட்டில் அவர் விட்டுச்சென்றது ஒரு மரப்பெட்டி. அதில் வாய்ச்சி, உளிகள், இழைப்புளி, துரப்பணம், மூலைமட்டம், கொட்டாப்புளி, ஒரு முழக்கோல். தாழ்வாரத்தில் ஒரு கருவேலங்கட்டை. கலப்பைக்கு ஏற்ற வளைவுடன் அதைத் தேடிப்பிடித்து, ஆறவிட்டு வைத்திருந்தார். கலப்பை கேட்டு யாரும் வரவில்லை.

சென்ற தை மாதம் வீட்டை இடித்துக் கட்ட முடிவாயிற்று. பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்கும் கட்டையை விறகுக்கும் போட்டுவிடலாம் என்றார் தந்தை. நான் கூடாது என்றேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் இரவு ஷிப்ட் முடிந்து வந்து தந்தை என்னருகில் உட்கார்ந்தார். "உனக்கு அது படிப்பு. எனக்கு அந்தப் பெட்டியப் பாத்தா பசிதான்டா ஞாபகம் வருது" என்றார்.

நண்பர்களே, இதற்கு நான் என்ன விடை சொல்ல முடியும்? பழந்தொழிலைப் போற்ற வேண்டும் என்று பேசுவது எளிது. அந்தத் தொழில் ஒரு குடும்பத்தைக் கைவிட்டபோது பசித்திருந்தவர் என் தந்தை. அந்தப் பசியை நான் அறியேன். அவர் அதை அறிந்ததால்தான் நான் அறியாமல் வளர்ந்தேன். எனவே வாதாடவில்லை. முழக்கோலையும் வாய்ச்சியையும் மட்டும் நான் வைத்துக்கொள்வதென்றும், மற்றக் கருவிகளை முத்தூரில் இன்னும் கதவு வேலை செய்யும் ஒரு தச்சருக்குக் கொடுத்துவிடுவதென்றும் முடிவாயிற்று. அவர் உளியின் வாயைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து, "இந்த எரும்பு இப்பக் கெடைக்காதுங்க" என்று கும்பிட்டு வாங்கிக்கொண்டார். கட்டை மட்டும் முடிவாகாமல் புதுச் சுவரோரம் கிடக்கிறது.

என்னிடம் 'முதல் பட்டதாரி' சான்றிதழ் ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்தில் இதற்குமுன் பட்டதாரி எவரும் இல்லை என்று அது சான்று சொல்கிறது. அது உண்மை, அந்தத் தாள் என்னைப் போன்ற பலருக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் பட்டம் இல்லை என்பதற்கும் படிப்பு இல்லை என்பதற்கும் இடையே உள்ள தொலைவை எந்தச் சான்றிதழும் அளப்பதில்லை.

ஒன்று சொல்கிறேன். உள்ளே வைரம் உள்ளவற்றை மரம் என்றும், வெளியே வைரம் உள்ளவற்றைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அதன்படி பனையும் தென்னையும் புல். இன்றைய தாவரவியலும் அவற்றை நெல்லோடும் மூங்கிலோடும் ஒருவித்திலைத் தாவரங்களில் வைக்கிறது. அப்பாரு தொல்காப்பியம் படித்தவரல்லர். ஆனால் பனங்கை அறுக்கும்போது நடுச்சோற்றை நீக்கி வெளிப்புறத்தை மட்டும் எடுப்பார். "இது மரமல்ல கண்ணு, மரம்மாரி நிக்கிற சாதி" என்பார். இலக்கணமும் ஆய்வுக்கூடமும் உளியும் ஒரே இடத்தில் சந்தித்ததை நான் கண்டேன்.

மற்றொன்று. நம் பாடநூல்களில் கருவேலத்துக்கு அகேசியா நிலோட்டிகா என்று பெயர் படித்தோம். 2005-இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டின் முடிவையொட்டி அது வாச்செல்லியா நிலோட்டிகா ஆகிவிட்டது. லத்தீன் பெயர் மாறும். மாறுவது அறிவியலுக்கு அழகு. கருவேலம் என்ற பெயரும், அது எதற்கு ஆகும் என்ற அறிவும் மாறாமல் இருந்தன. இப்போது அவை மாறவில்லை, மறைகின்றன.

ஆகவே நான் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கியிருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு மரம். ஊர்ப்பெயர், லத்தீன் பெயர், எந்த மண்ணில் வளரும், எப்போது வெட்டலாம், எதற்கு ஆகும், எதற்கு ஆகாது. வேம்பின் கதவைக் கறையான் அரிக்காது; அரப்புத்தூள் தரும் உசிலையில் கைப்பிடி நிற்கும்; வெட்பாலையின் வெண்கட்டை இழைக்க மெத்தென்றிருக்கும், சென்னபட்டணத்துப் பொம்மைகள் செய்வதும் அதில்தான். அப்பாரு சொன்னவை நினைவில் இருந்தவரை எழுதிவிட்டேன். மீதியை முத்தூர்த் தச்சரிடமும், சந்தையில் காணும் முதியவர்களிடமும் கேட்டு எழுதுகிறேன். இதுவரை முப்பத்தொரு பக்கம் ஆகியிருக்கிறது. நம் துறை விரிவுரையாளர் ஒருவர் அதைப் பார்த்து, பெயர்களைச் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இக்கல்லூரியில் படிக்கும் நம்மில் பலர் முதல் பட்டதாரிகள். நம் வீடுகளில் உழுதவர், நெய்தவர், மாடு மேய்த்தவர், கிணறு வெட்டியவர், எண்ணெய் ஆட்டியவர் இருக்கிறார்கள். இந்த விடுமுறைக்கு ஊர் போகும்போது அவர்கள் அருகே ஒரு பொழுது உட்காருங்கள். மண்ணைப் பற்றியோ, மழையைப் பற்றியோ, மாட்டைப் பற்றியோ, நூலைப் பற்றியோ ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மரத்தைப் பற்றி யாரேனும் சொன்னால் என்னிடம் கொடுங்கள். என் நோட்டில் இன்னும் நிறையப் பக்கங்கள் வெறுமையாக உள்ளன.